சக்கரம் இறக்காத நிழல்

இடது இறக்கையின் நிழல்தான் முதலில் விழுந்தது, அதுவும் போயும் போயும் காலனிச் சங்கச் செயலாளர் முத்துவேலப்பன் வீட்டு மொட்டைமாடியில் காய்ந்துகொண்டிருந்த மிளகாயின் மேல் விழுந்தது, வேறு யார் வீட்டின் மேல் விழுந்திருந்தாலும் விஷயம் ஒரு வாரமாவது எங்கள் தெருவுக்குள் அடங்கியிருக்கும். என் வீட்டுக்காரர் தனிஸ்லாஸ், பெயின்ட் காயட்டும் என்று ஒரு சாண் நீளப் பிளாஸ்டிக் இறக்கையை எங்கள் மாடிக் கைப்பிடிச்சுவரில் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தார். அந்த ஒரு சாண் இறக்கை, நிஜ விமானத்தின் நிஜ இறக்கை எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்துக்கு, எங்கள் மாடியைத் தாண்டி, சந்துப் பாதையைத் தாண்டி, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல் மடிந்து ஏறி இறங்கி, மிளகாய்வரைக்கும் கறுப்பாகக் கிடந்தது. வெயிலில் வைத்தால்தான் அப்படி. உள்ளே டியூப்லைட்டுக்குக் கீழே வைத்தால் ஒரு சாண் இறக்கைக்கு ஒரு சாண் நிழல்தான், நானே வைத்துப் பார்த்தேன்.

முத்துவேலப்பன் வந்து எப்படி, ஏன் என்றெல்லாம் கேட்கவில்லை. எங்கள் காலனி, விமானப்படையில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர்கள் சேர்ந்து, கோயம்புத்தூருக்குக் கிழக்கே விசைத்தறிச் சத்தம் ஓயாத இடத்தில் மனை வாங்கிக் கட்டிக்கொண்டது. வாழ்நாள் முழுக்க இரும்பு பறப்பதைப் பார்த்தவர்கள் நிழல் நீளுவதற்கெல்லாம் வாயைப் பிளக்க மாட்டார்கள். "தனிஸ் சார், அந்த றெக்கைய ஒரு ரவ கெழக்கால திருப்பி வெச்சீங்கன்னா நம்மூட்டு மொளகா காஞ்சுக்குமுங்க" என்றார். இவர் திருப்பி வைத்தார். நிழல் நகர்ந்து கோழிக்கடைத் தகரக் கூரைமேல் போய்ப் படுத்துக்கொண்டது, கோழிக்கடைக்காரர் மின்விசிறியை நிறுத்தினார், அத்தோடு முதல் நாள் ஆச்சரியம் முடிந்தது.

அது எந்த விமானம் என்று சொல்ல வேண்டும். அதற்கு எழுத்தும் எண்ணும் சேர்ந்த ஒரு பெயர் உண்டு, யாரும் அதைச் சொல்வதில்லை. நீண்ட கழுத்தையும் தொங்கிய வயிற்றையும் பார்த்து எல்லோரும் கடல்நாரை என்பார்கள். உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவைதான் செய்தார்கள், செய்து முடித்ததும் இனி வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள், அப்படி அருகிப்போன ஒன்றுக்குத்தான் என் வீட்டுக்காரர் தன் இளமை முழுவதையும் போல்ட் முறுக்கிச் செலவழித்தார். எங்கள் மகன் ரெமிஜியுஸ் படையில் சேர்ந்தபோது அவனையும் அதே விமானத்துக்குத்தான் பறக்கும் பொறியாளராகப் போட்டார்கள். இவர் இனிப்பு வாங்கித் தெருவுக்கே கொடுத்தார், தான் தட்டித்தட்டி வளர்த்த வயிறு அது, அதற்குள் அவன் பத்திரமாக இருப்பான் என்றார். நாலு வருஷத்துக்கு முன் ஒரு காலையில் ஆறு பேரோடு தீவுகளுக்குக் கிளம்பிய கடல்நாரை தீவுக்குப் போய்ச் சேரவில்லை. கப்பல்கள் தேடின, விமானங்கள் தேடின, மீனவர்கள் தேடினார்கள், வங்காள விரிகுடா ஒரு கரண்டியைக்கூடத் திருப்பித் தரவில்லை.

உடல் இல்லாத சாவு எப்படிப்பட்டது என்று கல்லறைத் திருநாளன்று எங்களைக் கேட்க வேண்டும். ஊரே சாமந்தியும் மெழுகுவத்தியுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும், எங்களுக்குப் போய் நிற்க ஒரு மண்மேடு கிடையாது. அவனுக்கும் சேர்த்து என் மாமியார் கல்லறையில் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவைப்பேன், உயிரோடு இருந்தபோதே அந்த அம்மாவுக்கு எதையும் பங்குபோடப் பிடிக்காது. அப்படி ஒரு திருநாள் முடிந்து வீட்டுக்கு வந்த இவர், சட்டையைக்கூட மாற்றாமல் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, பிளாஸ்டிக் அட்டையை வெட்ட ஆரம்பித்தார். நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவு. கடையில் பெட்டியில் போட்டு விற்கிற விமானம் இல்லை இது, எவன் வாங்குவான், எல்லாவற்றையும் கையாலேயே செய்ய வேண்டும். பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவத்தியில் காட்டி இளகும்போது இரண்டு பக்கமும் இழுத்தால் தலைமயிர்போல நீளும், அது ஆன்டெனா கம்பி. மூக்குக்குள் தூண்டில் ஈயக்குண்டை வைக்காவிட்டால் வால் கனத்துக் குந்திக்கொள்ளும். என் நகப்பூச்சு அழிக்கும் திரவம் தீர்ந்தது, என் இடியாப்பத் தட்டில் உப்புத்தாள் தூள் ஒட்டியது, அட்வான்ஸ் கொடுத்த கல்யாண மண்டபம் மாதிரி சாப்பாட்டு மேஜையை அவர் பிடித்துக்கொண்டார், நாங்கள் மூன்று பேரும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம்.

மூன்றாவது ஆள் எங்கள் மருமகள் பெனடிக்டா. ஆஸ்பத்திரியில் இரத்தப் பரிசோதனை செய்கிற வேலை. அவனோடு அவள் வாழ்ந்தது ஒன்றரை வருஷம், அவனுக்காகக் காத்திருந்தது நாலு வருஷம். அவளோடு வேலைபார்க்கிற ஈரோட்டுக்காரர் ஒருவர், மனைவியை இழந்தவர், நல்ல மாதிரி, என்னிடம் நேராக வந்து பெண் கேட்டார். எனக்குச் சம்மதம் என்று அப்போதே சொல்லிவிட்டேன், வளைத்துப் பேச எனக்கு நேரம் கிடையாது. பங்குச் சாமியார் மட்டும், இறந்தது உறுதியாகாமல் கோவிலில் கல்யாண ஓலை வாசிக்க முடியாது என்றார். அதையாவது மேலிடத்தில் பேசிச் சரிக்கட்டலாம். அவள் மனசைச் சரிக்கட்ட முடியவில்லை. இருக்கிறானா இல்லையா என்று தெரியாத ஒருவனை விட்டுவிட்டு எந்தப் பக்கம் நடப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை, நான் பெற்றவன் என்றாலும் எனக்கும் தெரியவில்லை.

இறக்கை இரண்டும், வாலும், வயிற்றின் இரண்டு பாதிகளும் தனித்தனியாகக் காய்ந்தவரை நிழல்கள் வைத்த இடத்தில் கிடந்தன. எல்லாவற்றையும் ஒன்றாக ஒட்டிய மறுநாள் காலை, வெயில் ஏறியதும், முழுக் கடல்நாரையின் நிழல் எங்கள் மாடியிலிருந்து வழுக்கிக்கொண்டு கிளம்பி, தண்ணீர் டாங்கைச் சுற்றி, மாதா சிலை வைத்த கெபியைச் சுற்றி, விசைத்தறிக் கூடங்கள்மேல் ஓடி, கால்பந்து மைதானத்தின்மேல் தாழ்ந்து, இறங்காமல் மறுபடியும் ஏறிச் சுற்றியது. மாடல் உள்ளே மேஜையில் துண்டு போர்த்திக் கிடந்தாலும் அதற்கு ஒன்றும் இல்லை, சூரியன் இருக்கும்வரை சுற்றியது. நிமிர்ந்து பார்த்தால் வானம்தான் இருந்தது. பழைய விமானப்படைக்காரர்கள் எல்லோரும் வாசலுக்கு வந்து, கண்ணுக்கு மேலே கை வைத்துப் பார்த்து, இறங்க அனுமதி கிடைக்காத விமானம் இப்படித்தான் சுற்றும் என்றார்கள். அப்புறம் பால் வாங்கப் போனார்கள்.

ஊர் அதைப் பழக்கிக்கொண்ட விதத்தைத்தான் சொல்ல வேண்டும். வற்றல் போடுகிறவர்கள் நிழல் வரும் வழியை விட்டுப் பாய் விரித்தார்கள். இஸ்திரிக்காரர் வண்டியை எங்கே நிறுத்தினால் ஒரு மணிக்கு நாலு தடவை நிழல் கிடைக்கும் என்று கண்டுபிடித்து அங்கேயே நிறுத்தினார். மைதானத்தில் கிரிக்கெட் ஆடுகிறவர்கள், பந்து நிழலுக்குள் இருக்கும்போது அவுட் கிடையாது என்று சட்டம் போட்டார்கள், அந்தச் சட்டத்தால் ஒருத்தனுக்கு மூக்கு உடைந்தது. தறிக்கூட முதலாளி ஒருவர், சித்திரை வெயிலுக்கு அதைத் தன் ஷெட் மேல் நிறுத்தித் தர முடியுமா என்று விசாரித்தார். பாட்டுப் பூசை நடக்கும்போது பீடத்தின்மேல் இருட்டடிக்கிறது என்று சாமியார் முணுமுணுத்தார், பிறகு தானே அந்த நேரத்தில் இறந்தவர்களுக்கான செபத்தைச் சொல்லப் பழகிக்கொண்டார். தெருநாய்கள் கொஞ்ச நாள் துரத்திவிட்டு, அது எங்கேயும் போவதில்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டன. பெனடிக்டா மட்டும் வேலைக்குப் போகும்போது நிழல் தன்னைக் கடக்கும்வரை ஸ்கூட்டரை நிறுத்தி, தலையில் முக்காடு போட்டுக்கொண்டு நிற்பாள், பூசையில் சாமியார் நற்கருணையைத் தூக்கிக் காட்டும்போது அசையாமல் இருக்கிற மாதிரி. ஒருநாள் நான் ஈரோட்டுக்காரரின் பேச்சை எடுத்தேன். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"மேல அவர் சுத்திக்கிட்டிருக்காரு அத்தை. நான் கீழ எப்படி இன்னொருத்தர் கையப் பிடிக்கிறது?"

இவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். மறுபடியும் உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.

சேதி எப்படிப் போனதோ, மற்ற ஐந்து குடும்பங்களும் வந்து சேர்ந்தன. விமானியின் அப்பா பாட்னாவிலிருந்து வந்தார், பள்ளிக்கூட வாத்தியார், யாரோடும் பேசாமல் நிழல் போகும் பக்கமெல்லாம் குடையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடப்பார். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பேச்சியம்மாள் வந்தாள், அவள் மகன் மாடக்கண்ணு விமானத்தில் சரக்கு ஏற்றி இறக்குகிறவனாக இருந்தவன். காலனி அவர்களை வீட்டுக்கு ஒருவராகப் பிரித்துக்கொண்டது, அதிலும் சண்டை, பாட்னாக்காரருக்குச் சப்பாத்தி யார் நன்றாகப் போடுவது என்று. பேச்சியம்மாள் என் வீட்டில் தங்கினாள். என் சமையலறையில் என்னைவிட அதிகமாகப் புழங்கினாள், என் சாம்பாரில் வெல்லம் போட்டாள், நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

இனி ஒட்டவேண்டியது சக்கரங்களும், விமானியறைக் கண்ணாடியும், அதன் பின்னால் கூரையில் ஒரு துண்டும்தான் என்ற நிலையில் இவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மாடல் செய்கிறவர்களுக்கு இது பெரிய முடிவு. சக்கரத்தை உள்ளே மடித்து மூடினால் அது பறக்கிற விமானம், பறக்கிற விமானத்துக்குள் ஆட்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். சக்கரத்தை வெளியே இறக்கி ஒட்டினால் அது நிற்கிற விமானம், நிற்கிற விமானத்தில் இருக்கைகள் காலியாக இருக்கும். அரைகுறை கிடையாது. இதைச் சங்கக் கூட்டத்தில் இவர் சொன்னபோது காலனி இரண்டாகப் பிரிந்தது. மேலேயே இருக்கட்டும், சுற்றுகிறவரை செத்ததாக அர்த்தமில்லை என்றது ஒரு கட்சி. அதில் வெயிலுக்கு நிழல் போய்விடுமே என்று கவலைப்பட்டவர்களும் சேர்த்தி. இறக்கிவிடுங்கள், எதுவானாலும் பார்த்துவிடலாம் என்றது இன்னொரு கட்சி. இறக்கிக் காலியாக இருந்தால் என்ன செய்வது என்று யாரோ கேட்டார்கள். அப்போது பேச்சியம்மாள் எழுந்தாள்.

"அண்ணாச்சி, ஒங்க சட்டம்லாம் எனக்குத் தெரியாது. ஆளயும் உள்ள வையிங்க, சக்கரத்தயும் எறக்குங்க. நாலு வருசமா உக்காந்த மேனிக்குச் சுத்துதான். எம்மவனுக்குக் கால் கடுக்காதா?"

அதற்குப் பிறகு வாக்கெடுப்புக்கு அவசியம் இருக்கவில்லை.

ஆட்களைச் செய்தார். சுண்டுவிரலில் பாதியைவிடக் கொஞ்சம் கூடுதல் உயரம், பிளாஸ்டிக் குச்சியைச் சீவி, மேலே மாவு மாதிரி மக்கு பூசி, அது இறுகுவதற்குள் ஊசியால் முகம் கீறி. ஒவ்வொரு குடும்பமாக மேஜைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னார்கள். பாட்னாக்காரர், மகனின் இடது தோள் சற்று இறங்கியிருக்கும், சின்ன வயசில் மாமரத்திலிருந்து விழுந்தவன் என்று இந்தியில் சொன்னார், சொல்லிவிட்டுத் தன் தோளை இறக்கிக் காட்டினார், இவர் அதைப் பார்த்துக் கீறினார். பேச்சியம்மாள், மாடக்கண்ணு காலை அகட்டி அகட்டித்தான் நடப்பான் என்றாள், அதை உட்கார்ந்த உருவத்தில் எப்படிக் காட்டுவது என்று இவர் கேட்டதற்கு, நீங்க மனசுல நெனச்சிக்கிட்டுச் செய்ங்க, அது வரும் என்றாள். எங்கள் பிள்ளையைப் பற்றி என்னிடமோ பெனடிக்டாவிடமோ இவர் எதுவும் கேட்கவில்லை. அவனை ஒரே மூச்சில் செய்து முடித்தார். நின்றுகொண்டிருந்தான், மற்றவர்கள் மாதிரி உட்கார்ந்திருக்கவில்லை. பறக்கும் பொறியாளர் நின்றுகொண்டும்தான் வேலைபார்ப்பார் என்றார். நெற்றியைச் சுருக்கிப் பார்க்கிற பார்வைகூட வந்திருந்தது. நான் அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று எழுந்து போனேன், அடுப்பில் ஒன்றும் இல்லை.

உருவங்களை மட்டும் அவர் மாடிக்குக் கொண்டுபோகவில்லை. மேஜை விளக்கடியிலேயே காயவைத்தார். ஏன் என்று கேட்டதற்கு, வெயிலில் மக்கு வெடித்துவிடும் என்றார், நானும் நம்பினேன். கண்ணாடியையும் கூரைத் துண்டையும் ஒட்டுகிற நேரத்தில் எங்கள் எல்லோரையும் அறையைவிட்டு வெளியே போகச் சொன்னார். பிறகும் சக்கரங்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். பட்டாணி அளவு சக்கரம், தேய்த்துத் தேய்த்துக் கடுகாகிவிடும்போல இருந்தது. நான் திட்டிப் பார்த்தேன். கடைசியில் பெனடிக்டா வேலையிலிருந்து வந்து, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், அவர் கையிலிருந்து உப்புத்தாளை வாங்கி வைத்தாள்.

"போதும் மாமா. இறக்கிடுங்க. எனக்கும் கால் கடுக்குது."

அவர் அன்றே ஒட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை, வெயில் சாயத் தொடங்கும் நேரத்தில், மாடலை ஒரு தாம்பாளத்தில் வைத்து, நற்கருணைப் பவனிபோல முன்னால் அவரும் பின்னால் நாங்களும் எங்களுக்குப் பின்னால் காலனி முழுவதுமாக மைதானத்துக்குப் போனோம். தறிக்காரர்கள் அவர்களாகவே தறியை நிறுத்தினார்கள், அந்தச் சத்தம் இல்லாமல் எங்களில் ஒருவர் பேச்சு ஒருவருக்கு அந்நியமாக இருந்தது. மைதானத்தின் கிழக்கு ஓரத்தில் அவர் தாம்பாளத்தை இறக்கி, விமானத்தை மண்ணில் வைத்தார். வால் கனத்துக் குந்தவில்லை, மூன்று சக்கரத்திலும் நேராக நின்றது. சுற்றிக்கொண்டிருந்த நிழல் தண்ணீர் டாங்கைத் தாண்டித் திரும்பியது, தாழ்ந்தது, இந்தத் தடவை மறுபடி ஏறவில்லை. மைதானத்தின் நீளம் முழுக்க ஓடி, ஓட்டம் மெதுவாகி, மாடலின் சக்கரங்களோடு தன் சக்கரங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு நின்றது. பழைய விமானப்படைக்காரர்கள் கை தட்டவில்லை, தொப்பியைக் கழற்றினார்கள்.

நிழலின் வயிற்றில் ஒரு கதவு திறந்தது. இடது தோள் இறங்கிய ஒரு நிழல் முதலில் படியிறங்கி வந்து, பாட்னாக்காரரின் காலடியில், அவருடைய நிழலுக்குப் பக்கத்தில், அதே பக்கம் சாய்ந்து நின்றது. வாத்தியார் குடையை விரித்து அதற்கு மேலே பிடித்தார், நிழலுக்கு எதற்குக் குடை என்று யாரும் சொல்லவில்லை. இன்னும் இரண்டு பேர் இறங்கினார்கள், அவரவர் ஆட்களைத் தேடி நடந்தார்கள். நான்காவது, காலை அகட்டி அகட்டி நடந்தது. பேச்சியம்மாள் தரையில் உட்கார்ந்து, அதன் கால்கள் விழுந்திருந்த மண்ணைப் பிடித்துவிட ஆரம்பித்தாள், மெதுவாக, கெண்டைக்காலிலிருந்து பாதம்வரை. ஐந்தாவது நிழலும் இறங்கித் தன் தங்கையிடம் போனது. படிக்கட்டின் நிழலுக்கு முன்னால் பெனடிக்டா நின்றுகொண்டிருந்தாள், கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள், நான் அதைத்தான் கட்டச் சொன்னேன். அவள் நின்றாள். கதவு திறந்தபடியே இருந்தது. அதற்குள்ளிருந்து யாரும் வரவில்லை.

நான் திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். முப்பத்துமூன்று வருஷம் பார்த்த முகம், அது பொய் சொல்லத் தெரியாத முகம். வலது கை பேன்ட் பைக்குள் இருந்தது.

"எங்க அவன்?" என்றேன்.

"முடியல பிலோமி" என்றார். "மத்தவங்க பிள்ளைங்களையெல்லாம் உக்கார வச்சிட்டேன். அவனை மறுபடியும் அதுக்குள்ள ஏத்தக் கை வரல."

எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே அவரை அடித்திருப்பேன். மற்றவர்களின் பிள்ளைகள் மண்ணில் நிற்கிறார்கள், இவர் தன் பிள்ளையைக் காப்பாற்றிப் பைக்குள் வைத்திருக்கிறார், நாலு வருஷம் தாமதமாக. அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பையிலிருந்து இழுத்தேன். மூடிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன், சுண்டுவிரல் கடைசியாகத்தான் விட்டது.

உள்ளங்கையில் அவன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றான். சாய்ந்த வெயில் அவன்மேல் பட்டது. தரையில் என் வீட்டுக்காரரின் நிழல் கையை நீட்டிக்கொண்டு நின்றது, அந்த நிழல் கையின்மேல், அவர் உயரத்துக்கே, அவர் உயரத்தைவிட இரண்டு விரல் கூடவே, ஒரு ஆள் நின்றான். எல்லோருடைய பிள்ளைகளும் தாங்களாக நடந்து வந்து நின்றார்கள், எங்களுடையவன் அப்பா கையைவிட்டு இறங்க முடியாமல் நின்றான். அவர் கை நடுங்கியபோது அவன் தலையிலிருந்து கால்வரை நடுங்கினான், குளிர்ஜுரம் வந்தவன் மாதிரி.

பெனடிக்டா பார்த்துவிட்டாள். ஓடவில்லை. சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து, அந்த நிழலின் முகத்துக்குப் பக்கத்தில் மண்ணில் முழங்கால் போட்டாள், குனிந்தாள், தாழ்ந்த குரலில் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு உரிமை இல்லை. ஈரோட்டுக்காரரின் பெயர் ஒரு தடவை காதில் விழுந்தது.

மேற்கே தறிக்கூடச் சுவரைச் சூரியன் தொட்டுவிட்டது. மைதானத்தில் எல்லா நிழல்களும் நீள ஆரம்பித்தன, எங்களுடையவையும், அவர்களுடையவையும். நான் என் இரண்டு கைகளாலும் அவர் மணிக்கட்டை அடியில் தாங்கிப் பிடித்துக்கொண்டேன்.

"கைய ஆட்டாதீங்க" என்றேன். "அவ இன்னும் சொல்லி முடிக்கல."